மருந்துக் கடையில் படித்த நாலாவது பாடம்

கனடாவில் மருந்தாளராக வேலை பார்க்க நினைத்தால், இங்கே வாங்கிய பி.ஃபார்ம் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு அங்கே ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எடுத்துக் கொடுக்க முடியாது. முதலில் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். உங்கள் ஊர்ப் படிப்பும் எங்கள் ஊர்ப் படிப்பும் ஒன்றுதானா என்று அவர்கள் உரசிப் பார்க்கிற தேர்வு. அதில் நான்கு பாடங்கள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பது முதல் பாடம். மருந்தை எப்படிச் செய்கிறார்கள், உள்ளே போனபின் அது என்ன ஆகிறது என்பது இரண்டாவது. எந்த நோய்க்கு எந்த மருந்து, யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் கல்லூரியிலேயே மாங்கு மாங்கென்று படித்திருந்தேன். என் உயிரை வாங்கியது நாலாவது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது, யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் அந்தப் பாடம்.

பேசுவதற்கு ஒரு பாடமா என்று சிரித்தேன். முதல் தடவை பெங்களூருக்குப் போய்த் தேர்வு எழுதித் தோற்று வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற மூன்றிலும் நன்றாகவே செய்திருந்தேன். நாலாவதுதான் காலை வாரிவிட்டது.

தோற்றதில் நஷ்டம் எனக்கு மட்டும் என்றால் ஒரு வாரம் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். கணவர் முன்னதாகவே கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. "நீ வந்துடு, இங்க வந்து படிச்சுக்கலாம்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்லுவார். நான்தான் பிடிவாதமாக இருந்தேன். இந்தத் தகுதித் தேர்விலாவது தேறிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன், அங்கே போய் ஏதாவது கடையில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டு நிற்க மாட்டேன் என்றேன். வீம்புதான். அந்த வீம்புக்கு விலை கொடுத்தது என் மகள். ஒன்றாம் வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னார்கள். என்னையும் எங்களோடு இருந்த அத்தையையும் கால் வரைக்கும் வரைந்திருந்தாள். அப்பாவைத் தோளுக்கு மேல் மட்டும் வரைந்திருந்தாள். போனில் அவ்வளவுதானே தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றே இரண்டாம் தடவைக்குப் பணம் கட்டினேன். அதிலும் தோற்றால் வீம்பை மூட்டை கட்டிவிட்டு, வெறும் மனைவியாகப் போய் இறங்குவது என்று முடிவு செய்துகொண்டேன்.

வேலை பார்த்தது தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில். நல்லம்பள்ளியிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து, மதியம் கூட்டம் குறைந்ததும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டுப் படிப்பேன். மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோல்தான் புத்தகம் மூடாமல் இருக்கப் பாரம்.

கடை முதலாளி நல்ல மனிதர். படிக்கிறாயே என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் எங்களுக்குள் இரண்டு விஷயத்தில் தினமும் தகராறு. ஒன்று, நாப்கின் வாங்க வருகிற பெண்களுக்கு அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே கறுப்புக் கவரையும் போட்டுக் கொடுப்பார். என்னமோ கள்ளச்சாராயம் விற்கிற மாதிரி. "இதென்ன திருட்டுப் பொருளாங்க?" என்று நான் கேட்பேன். "அவங்க அப்பிடித்தான் கேக்கறாங்க, நமக்கென்னம்மா" என்பார். நான் சுற்றாமல் கொடுத்தால் பெண்களே திருப்பி நீட்டுவார்கள். எனக்குக் கோபமாக வரும். வேறு வழியின்றி நானும் சுற்றுவேன்.

இரண்டாவது, அவர் வாயிலிருந்து ஓயாமல் வருகிற ஒரு வாக்கியம். யார் எதைக் கேட்டாலும், "ஒண்ணும் ஆவாது, போட்டுக்குங்க." வயிறு எரியுமா என்றாலும் அதுதான், தூக்கம் வருமா என்றாலும் அதுதான். அதைக் கேட்டதும் எதிரில் நிற்பவர் முகத்தில் ஒரு தெம்பு வரும் பாருங்கள், அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவரோடு நின்று நின்று எனக்கும் அது தொற்றிவிட்டது.

நாலாவது பாடத்துக்கு இந்த வாக்கியம்தான் முதல் எதிரி. ஆன்லைனில் வகுப்பு எடுத்தவர் முதல் நாளே சொன்னார். கேள்விக்குக் கீழே இருக்கிற விடைகளில் எது 'கவலைப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது' என்கிறதோ, அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள் என்றார். ஏனென்றால் அது நோயாளியின் வாயை அடைக்கிற விடையாம். அதைச் சொல்கிறவருக்குத்தான் அது ஆறுதலாம்.

மற்ற விடைகளிலும் சறுக்கினேன். ஒரு கேள்வி நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பெண் தினமும் போட வேண்டிய மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டாள். முதலில் அவளிடம் என்ன சொல்வீர்கள்? நிறுத்தினால் வருகிற ஆபத்தை விளக்குவேன் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தவறு. மருத்துவரிடம் அனுப்புவேன் என்பதும் முதலில் செய்ய வேண்டியது இல்லையாம். 'எதனால் நிறுத்தினீர்கள்' என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் வந்தது. இங்கே வெளியில் ஆறு கை நீளுகிறது, பஸ் கிளம்புகிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறார். இதில் எங்கே காத்திருப்பது?

அதைவிட வேடிக்கை, அந்தரங்கம் பற்றிய கேள்விகள். நோயாளியைத் தனி அறைக்கு அழைத்துப் போய்ப் பேச வேண்டும். அவருடைய மருந்தைப் பற்றி அவருக்குத் தவிர வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. எங்கள் கடையில் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஸ்டூல் போக மீதி இடத்தில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம். அது போகட்டும். நோயாளி எங்கே கடைக்கு வருகிறார்? வருவது மகன், பக்கத்து வீட்டுக்காரர், சில சமயம் ஆட்டோக்காரர். பக்கத்து வத்தல்மலை ஊர்க்காரர்களென்றால், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு அக்கா.

அந்த அக்காவைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். சந்தை நாளன்று மலையிலிருந்து முதல் பஸ்ஸில் சாமை, மிளகு என்று கையில் இருப்பதைக் கொண்டுவந்து விற்றுவிட்டு, கடைக்கு வருவார். மடியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்துக் கவிழ்ப்பார். ஊரில் யார் யாருக்கு மாத்திரை தீர்ந்ததோ அவர்களுடைய காலி அட்டைகளும் டாக்டர் சீட்டுகளும் அதில் இருக்கும். சர்க்கரை, கொதிப்பு, தைராய்டு என்று ஊரின் உடம்பு முழுவதும் அந்தப் பைக்குள் அடக்கம். ஒவ்வொன்றையும் நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, "இது யாருக்கு, எதுக்கு, எப்பிடிப் போடணும்?" என்று கேட்டு மனதில் வாங்கிக்கொள்வார். ஒன்றைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. அவர் இல்லையென்றால் அந்த மலையில் பாதிப் பேர் மாத்திரையில்லாமல்தான் இருந்திருப்பார்கள். 'மருந்து வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் இது எதற்கான மருந்து என்று கேட்கிறார்' என்ற கேள்விக்கு, 'விளக்கிச் சொல்லி அனுப்புவேன்' என்று நான் விடை எழுதியதற்குக் காரணம் இந்த அக்காதான். அதுவும் தவறு.

இரண்டாம் தடவை தேர்வு எழுத இன்னும் கொஞ்ச நாளே இருந்த ஒரு சந்தை நாள். அக்கா பையைக் கவிழ்த்தார். எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. வலிப்பு மாத்திரையின் அட்டை இல்லை. ஒரு இளம்பெண்ணுக்குப் போவது அது. சீட்டில் வயதைப் பார்த்திருக்கிறேனே தவிர, ஆளைப் பார்த்ததில்லை. போன தடவையும் வரவில்லையோ என்று சந்தேகம் தட்டியது.

"அந்தப் பொண்ணு மாத்திர எங்கக்கா?"

"நல்லாயிடுச்சாம். வாணாம்னுட்டா."

முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார். "அதெல்லாம் டக்குனு நிறுத்தக் கூடாதும்மா. திரும்ப வந்துரும்னு சொல்லி ஒரு அட்ட குடுத்து அனுப்பு."

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மறுபடி வரும், முன்னைவிட மோசமாகவும் வரலாம். என் கை அலமாரிக்குப் போய்விட்டது. அட்டையைத் தொட்ட பிறகுதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்து உறுத்தியது. எதனால் நிறுத்தினாள்? அதை நான் யாரிடம் கேட்பது? இந்த அக்காவிடமா? போனில் கேட்கலாம் என்றால் அந்த வீட்டில் இருக்கிற ஒரே போன் அவள் அப்பாவிடம் என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தார்.

"அடுத்த வாட்டி அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வர்றீங்களாக்கா?"

"வரும் வரும். சாக்கெட் தைக்கக் குடுக்கணும்னு சொல்லிட்டிருந்தா" என்றார் அக்கா.

அந்த ஒரு வாரம் எனக்குப் படிப்பு ஓடவில்லை. கையில் இருந்த அட்டையைக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே, அங்கே போய் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. நாலாவது பாடத்தைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த சந்தையன்று அக்கா அவளைக் கடையில் விட்டுவிட்டு மிளகு விற்கப் போனார். ஒல்லியான பெண். கையில் துணிக்கடைக் கவர். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவளை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, நான் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"மாத்திரைய எதனால நிறுத்துன?" என்று கேட்டேன்.

"நல்லாயிடுச்சுக்கா" என்றாள்.

அந்த இடத்தில் பேசாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லாகவில்லை, அப்படித்தான் தெரியும், மூளையில் இன்னும் இருக்கும் என்று முதல் பாடத்திலிருந்து மூன்றாம் பாடம்வரை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. விழுங்கினேன். வெளியே ஒருவர் ஐந்து ரூபாய்க்கு இருமல் மிட்டாய் கேட்டார். கொடுத்துவிட்டு வந்து மறுபடி நின்றேன். அவள் கவரின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"பஸ்ஸு நிக்கற எடத்துல ஒரு பாறைங்கக்கா" என்றாள் கடைசியில். "அது மேலதான் அந்த அத்த அட்டையெல்லாம் பரப்பி வெப்பாங்க. அவங்கவங்க வந்து எடுத்துக்குவாங்க. என்னுத எடுத்துத் தரும்போது, 'இந்தா, வலிப்புக்கு, ரெண்டு வேளை'ம்பாங்க. நல்ல மனசுலதான் சொல்றாங்க. முன்ன ஒண்ணும் தோணல. இப்ப மாப்ள வூடு அடுத்த ஊருதான். அந்த பஸ்ல வர்றவங்களுக்கு எல்லாந் தெரியும். பிட்ஸு வந்தும் வருசத்துக்கு மேல ஆச்சு. அதான் சும்மா இருந்துட்டேன்."

"கல்யாணம் எப்ப?"

"தை மாசங்க."

கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்ததும் மூன்றாம் பாடத்தின் ஒரு பக்கம் அப்படியே கண்முன் வந்து நின்றது. அவள் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை, பிள்ளை உண்டாகக்கூடிய பெண்களுக்குக் கூடுமானவரை கொடுக்கக் கூடாதது. வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டையும் மூளையையும் அது பாதிக்கும். அவளுக்கு அதை எழுதியபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதன்பிறகு சீட்டு மட்டும்தான் மலையிறங்கி வந்துகொண்டிருந்தது, அவள் வரவேயில்லை. போன வாரம் அந்த அட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தால், மிரட்டலுக்குப் பயந்து மறுபடி போட ஆரம்பித்திருப்பாள். தை மாதம் கல்யாணமும் ஆகியிருக்கும். என்னிடம் இருந்த மூன்று பாடமும் சரிதான். அவளைக் கேட்காமல் அந்த மூன்றாலும் ஒரு பயனும் இருந்திருக்காது.

அதைச் சொல்லிப் புரியவைத்து, அவளுக்கு மருந்து எழுதிய டாக்டரைத் தேடிப் போனோம். அதே தெருக் கோடியில்தான் அவர். சாப்பிட்டு வந்த முதலாளியிடம் கடையை ஒப்படைத்துவிட்டு நானும் கூடப் போனேன். டாக்டர் கேட்டார், பார்த்தார், வேறு மாத்திரை எழுதினார். கூடவே ஒரு சத்து மாத்திரையும் எழுதி, எது நடந்தாலும் தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் துடித்தது. அது அவள் முடிவு, உன் வேலையில்லை என்று நாலாவது பாடம் என் வாயைப் பொத்தியது.

இனி மாத்திரையை மலைக்கு எப்படி அனுப்புவது? அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுக்கலாமென்றால், பெயரும் தேதியும் இல்லாமல் நாளைக்கு எதையோ எடுத்து எதையோ போடுவாள். அக்காவிடம், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாமென்றால், அப்படிச் சொன்னாலே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். யோசித்துக்கொண்டே நாப்கின் கேட்ட ஒரு பெண்ணுக்குச் செய்தித்தாளைக் கிழித்தேன். கிழித்த கை அப்படியே நின்றது.

இந்தப் பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பாறை மேல் பரப்ப மாட்டார்கள். எதற்கு, எத்தனை வேளை என்று சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். என்னை எரிச்சல்படுத்தி வந்த அந்தச் செய்தித்தாளும் கறுப்புக் கவரும்தான் அவளுக்கு வாய்த்த தனி அறை. அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தைக்கும் அவளுடைய மாத்திரையை நாப்கினோடு வைத்து இறுக்கிச் சுற்றி அனுப்பினேன். அக்கா வாங்கி, ஒன்றும் கேட்காமல் பைக்கு அடியில் வைத்துக்கொள்வார். முதலாளி ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்னம்மா, நீயே நல்லா சுத்தறியே" என்றார். மேலே இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

இரண்டாம் தடவையும் தேர்வில் ஏறக்குறைய அதே கேள்வி வந்தது. மருந்தை வாங்கிப் போக வேறொருவர் வந்திருக்கிறார், என்ன செய்வீர்கள்? செய்தித்தாளில் சுற்றுவேன் என்று ஒரு விடை இல்லை. இருந்ததில் சரியானதை அழுத்தினேன். 'ஒன்றும் ஆகாது' என்று வந்த விடைகளையெல்லாம் பார்த்தவுடன் ஒதுக்கினேன். 'எதனால்' என்று தொடங்கிய இடங்களில் எல்லாம் அவள் கவரின் காதைத் திருகியது நினைவுக்கு வந்தது. தேறிவிட்டேன். போனில் கணவரிடம் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மகள் போனைப் பிடுங்கி, "அப்பா, உங்க காலைக் காட்டுங்க" என்றாள். அவர் போனைத் தரையில் வைத்துக் காலைக் காட்டினார்.

தையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. மாசியில் ஒரு நாள் பைக்கில் இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கடை முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அந்த பிட்ஸு மாத்திர ஒரு மாசத்துக்குக் குடுங்க" என்றான். நான் செய்தித்தாளும் கையுமாக வாயைப் பிளந்து நின்றேன். பின்னால் நின்ற அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளாகவே, அவளுக்குத் தோன்றிய நேரத்தில், அவனிடம் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று நான் கேட்கவில்லை.

என் விசா வந்தது. கடையில் என் கடைசி வாரம். கூட்டம் குறைந்த மதியத்தில் அவள் தனியாக வந்தாள். கேட்காமலே உள்ளே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நாள் தள்ளிப்போயிருக்குங்கக்கா" என்றாள். "வூட்ல இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தாதே, இன்றைக்கே போய் டாக்டரிடம் சொல் என்றேன். தலையாட்டினாள்.

"நீங்க போறீங்களாமே. அந்த அத்த சொன்னாங்க."

"ஆமா. அடுத்த வாரம். இங்க புதுசா ஒரு பொண்ணு வர்றா. நல்லாப் படிச்ச பொண்ணு."

அவள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவங்க, எதனாலன்னு கேப்பாங்களாக்கா?"

அந்தப் புதுப் பெண்ணை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். வந்த அன்றே முதலாளிக்குப் பக்கத்தில் நின்று அட்டையை வேகமாக வெட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். கேட்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உனக்கு என்ன பயம், சொல்லு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றிருக்க வேண்டும். வீட்டில் பெட்டி பாதி கட்டிக் கிடந்தது. அவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்ற குற்ற உணர்வு உறுத்தியது. அவள் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கவலப்படாத" என்றேன். "ஒண்ணும் ஆவாது."

அவள் முகத்தில் தெம்பு வந்தது. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.